மிக்ஸட் மீடியா ஜர்னல் கிட்: ஸ்டாம்ப் பாஸ், மை ஃபெயில்

விலை 1,899 ரூபாய். ஸ்டாம்ப் நன்றாக இருக்கிறது, ஸ்டென்சில் பரவாயில்லை, பெயிண்ட்டில் பாதி தேறும், நோட்டு சுமார், மை மட்டும் அடுக்கு அடுக்காகப் பக்கம் போடுகிற இந்த வேலைக்கே லாயக்கில்லாதது. அவசரக்காரர்கள் இத்துடன் கிளம்பலாம். மீதி, ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கேட்பவர்களுக்கு.

கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. இதே மாதிரிப் பெட்டியை வேறு வேறு பெயரில் பல பேர் ஆன்லைனில் விற்கிறார்கள். மூடியில் இருக்கிற படம்தான் மாறுகிறது, சாமான் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்: ஏ5 அளவில் ஸ்பைரல் போட்ட 200 ஜிஎஸ்எம் (காகிதத்தின் கனத்தைச் சொல்லும் அளவு) நோட்டு, இரண்டு ஷீட் கிளியர் ஸ்டாம்ப் (ஒளி ஊடுருவும் ஸ்டாம்ப்), அதை ஒட்டிப் பிடித்துக்கொள்ள ஒரு அக்ரிலிக் பிளாக், கறுப்பு இங்க் பேட், இரண்டு ஸ்டென்சில், சின்ன டப்பாவில் ஜெஸ்ஸோ (பெயிண்ட்டுக்கு முன் அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு), ஆறு டியூப் அக்ரிலிக் பெயிண்ட், ஸ்பாஞ்சு, வாஷி டேப் (அலங்காரக் காகித டேப்) இரண்டு உருளை.

எனக்கு ஊர் சிவகாசி. ஆஃப்செட் பிரஸ் ஒன்றில் டிடிபி பார்க்கிறேன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் போட்டதிலிருந்து மார்கழி வரைக்கும் காலண்டர், டைரி, லேபிள் என்று தலை நிமிர நேரமிருக்காது. பகல் பூரா திரையில் லேயர் மேல் லேயராக அடுக்குகிற வேலையை, சீசன் முடிந்த பிறகு ராத்திரியில் கையால் செய்து பார்க்கலாமே என்றுதான் இந்த ஜர்னல் பழக்கம் வந்தது. நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு கிழித்த காகிதத்தை ஒட்டி, அதன் மேல் வெள்ளைப் பூச்சு, அதன் மேல் மெல்லிசாகப் பெயிண்ட், பிறகு ஸ்டென்சில், ஸ்டாம்ப், கடைசியில் பேனாவால் இரண்டு வரி. அடியில் போட்டது மேலே வரும்போது முழுக்க மறைந்துவிடக் கூடாது, அங்கங்கே எட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கலை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு அடுக்கும் காய்ந்ததும் பூட்டிக்கொள்ள வேண்டும், அடுத்தது வந்து உட்காரும்போது முந்தினது கலையக் கூடாது. பிரஸ்காரிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் கிட் வந்ததும் நான் முதலில் கைவைத்தது மையில்தான்.

சோதனை எளிது, யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம். ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு கட்டம்: வெறும் காகிதம், ஜெஸ்ஸோ பூசியது, அக்ரிலிக் பூசிக் காய்ந்தது, வழுவழுப்பான ஆர்ட் பேப்பர் ஒட்டியது. நான்கிலும் ஒரே இலை ஸ்டாம்ப்பை அதே மையில் அடித்தேன். வெறும் காகிதத்தில் அழகாக, நரம்பு நரம்பாக விழுந்தது. ஜெஸ்ஸோவில் கொஞ்சம் வெளுத்து விழுந்தது. மற்ற இரண்டிலும் மை குட்டிக் குட்டித் துளியாகத் திரண்டு நின்றது. டீ குடித்துவிட்டு வந்து விரலால் தேய்த்தால் ஆர்ட் பேப்பர் மேல் இருந்த இலை அப்படியே என் விரலுக்கு வந்துவிட்டது. சரி, காகிதத்தில் விழுந்ததாவது நிற்கிறதா என்று ஈரத் தூரிகையை அதன் மேல் ஓட்டினேன். கறுப்பு என்று விற்ற மை பிரிந்து ஓடியது. இலைக்குள் சாம்பல், விளிம்பில் ஊதா, ஊதாவுக்கு வெளியே லேசாக ஒரு பச்சைக் கோடு. பார்க்க ரம்மியமாகத்தான் இருந்தது. ஆனால் நான் போட்டது இலை.

காரணம் இதுதான். கிட்டில் வருவது தண்ணீரில் கரையும் சாய மை. காகித நாருக்குள் ஊறிப் போனால்தான் அது காயும். அக்ரிலிக் பெயிண்ட் காய்ந்தால் அது ஒரு பிளாஸ்டிக் படலம், மை ஊறுவதற்கு அங்கே இடமில்லை. பிரஸ்ஸில் மேப்லித்தோ என்கிற பூச்சில்லாத காகிதத்தில் உடனே அடங்குகிற மை ஆர்ட் பேப்பரில் தொட்டால் ஒட்டுகிறதே, கிட்டத்தட்ட அதே கதை. அப்புறம் எதற்கு இந்தப் பெட்டிக்குள் அக்ரிலிக்கையும் இந்த மையையும் ஒன்றாகப் போட்டார்கள் என்பதுதான் என் கேள்வி. வாழ்த்து அட்டை செய்ய இந்த மை போதும். அடுக்கு அடுக்காகப் போடுகிற பக்கத்துக்கு ஆகாது. கஸ்டமர் கேருக்கு எழுதினேன். "காகிதத்தில் மட்டும் பயன்படுத்தவும்" என்று ஒரு வரி பதில் வந்தது. மூடிப் படத்தில் பெயிண்ட் மேல்தான் ஸ்டாம்ப் அடித்திருக்கிறது, அதை யார் போய்ச் சொல்வது?

அப்படியானால் எந்த மை? ரேஞ்சர் கம்பெனியின் ஆர்க்கைவல் இங்க் காய்ந்த பிறகு தண்ணீருக்குக் கலையாது. ஸ்டேஸ்ஆன் என்று ஜப்பான் மை ஒன்று உண்டு, சால்வென்ட் மை, அதாவது தண்ணீருக்குப் பதில் சீக்கிரம் ஆவியாகிற கரைப்பானில் செய்தது. கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகம் எதிலும் பிடிக்கும், காய்ந்த அக்ரிலிக் மேலும் பிடிக்கும். ஆனால் அது கிளியர் ஸ்டாம்ப்பை நாளாவட்டத்தில் மங்க வைக்கும் என்பதால் அடித்த கையோடு துடைத்துவிட வேண்டும், சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப்புக்குத்தான் அது தோது. பெயரைப் பார்த்து ரேஞ்சரின் டிஸ்ட்ரெஸ் இங்க் வாங்கிவிடாதீர்கள். அது தண்ணீர் பட்டால் ஓட வேண்டும் என்றே தயாரித்தது. ஓடவிட்டு வாட்டர்கலர் மாதிரி வேலை செய்பவர்களுக்கு அது பொன். மூன்றுமே இறக்குமதிச் சரக்கு, ஒரு பேட் விலையைப் பார்த்தால் கிட்டே மேல் என்று தோன்றும்.

காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு வழி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பெயிண்ட்டையே மையாக்குங்கள். ஒரு பிளாஸ்டிக் மூடியில் அக்ரிலிக்கைக் கடுகளவு பிதுக்கி, ஸ்பாஞ்சால் தொட்டு, வேறு காகிதத்தில் ஒற்றி மிச்சத்தை எடுத்துவிட்டு, ஸ்டாம்ப் மேல் மெதுவாகத் தட்டி, உடனே அடிக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் பெயிண்ட் கண் மூடித் திறப்பதற்குள் தோல் கட்டிவிடும், அதனால் யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. அடித்ததும் ஸ்டாம்ப்பைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும். காயவிட்டால் கோட்டுக்கு நடுவே பெயிண்ட் அடைத்துக்கொள்ளும், பழைய பல்துலக்கியால் தேய்த்தாலும் முழுசாக வராது. பொடி எழுத்து, மெல்லிய நரம்பு இதெல்லாம் இந்த முறையில் குழம்பிப் போகும். பெரிய இலை, வட்டம், கட்டம் நன்றாக விழும்.

ஆபீஸில் முத்திரை குத்துகிற ஊதா ஸ்டாம்ப் பேடையும் விட்டு வைக்கவில்லை. அதை அடித்து, நன்றாகக் காயவிட்டு, மேலே வெள்ளை ஜெஸ்ஸோ பூசினேன். பூசியபோது வெள்ளை. காயக் காய உள்ளிருந்து இளஞ்சிவப்பாக ஏறி வந்தது, இரண்டாவது பூச்சுக்கும் அடங்கவில்லை. எழுத்து மறைந்து நிறம் மட்டும் மேகம் மாதிரி நின்றது. பக்கத்தின் ஒரு மூலையில் தெரிந்தே இதைச் செய்தால் எந்தப் பெயிண்ட்டிலும் வராத ஒரு சாயல் கிடைக்கிறது. தெரியாமல் அடியில் இந்த மை இருந்துவிட்டால் மேலே போடுகிற வெள்ளை எல்லாம் பாழ். வீட்டு இங்க்ஜெட் பிரிண்ட்டை ஒட்டினாலும் பல நேரம் இதே கதிதான், லேசர் பிரிண்ட்டோ ஜெராக்ஸோ என்றால் கவலையில்லை.

ஸ்டாம்ப்புக்கு வருவோம், அதைப் புகழாமல் இருக்க முடியாது. நல்ல ஃபோட்டோபாலிமர், அதாவது வெளிச்சம் பட்டு இறுகுகிற பிளாஸ்டிக். இழுத்தால் நீண்டு பழைய அளவுக்கே திரும்புகிறது, பிளாக்கில் ஒட்டினால் விழுவதில்லை, மை சீராகப் பரவுகிறது. மலிவான சிலிக்கான் ஸ்டாம்ப் ஜெல்லி மாதிரி ஆடும், மை அதன் மேல் உருண்டு ஓடும். புதுசாகப் பிரித்ததும் முதல் அச்சு திட்டுத் திட்டாகத்தான் வரும். பென்சில் ரப்பரால் மேல்பரப்பை லேசாகத் தேய்த்துவிட்டால் அந்த மினுமினுப்பு போய், சரியாகப் பிடிக்கும். வெயிலில் வைத்தால் மஞ்சளாகும். மஞ்சளானால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை, மறுபக்கம் தெரிய மாட்டேன் என்கும், அவ்வளவே.

பிளாக்கில் மட்டும் கட்டக் கோடு போடாமல் விட்டுவிட்டார்கள். நேராக வைக்கக் கண்ணளவுதான். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. ஒரே பூவை முதலில் மஞ்சளில் அடித்து, காய்ந்ததும் அதன் மேலேயே அரை மில்லிமீட்டர் தள்ளிக் கறுப்பில் அடித்துப் பாருங்கள். பிரஸ்ஸில் இப்படி ரிஜிஸ்டர் (ஒரு நிறத்தின் மேல் அடுத்தது பொருந்துவது) விலகினால் அந்த லாட்டையே தள்ளிவிடுவார்கள். நோட்டில் அதுதான் பூவுக்கு உயிர் கொடுக்கிறது.

டிசைன்தான் எரிச்சல். பட்டாம்பூச்சி, பழைய கடிகாரம், படிக்க முடியாத பிரெஞ்சுக் கையெழுத்து, பாரிஸ் தபால் முத்திரை. சிவகாசியில் உட்கார்ந்து நோட்டு போடுகிறவளுக்குப் பாரிஸ் தபால் முத்திரை எதற்கு? இலை, கட்டம், புள்ளி வரிசை மூன்றும் பழுதில்லை. மற்றதற்கு நான் எங்கள் தெரு ரப்பர் ஸ்டாம்ப் கடைக்குப் போனேன். பல ஊரில் இந்தக் கடைகள் இப்போது பாலிமரில்தான் செய்கிறார்கள்: டிசைனைக் கறுப்பு வெள்ளையாகக் கொடுத்தால் நெகட்டிவ் எடுத்து, அதன் மேல் திரவப் பிசினை ஊற்றி, புற ஊதா விளக்கில் வைப்பார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகும், படாத இடத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். புள்ளிக் கோலம் ஒன்று, எங்கள் அம்மா கையெழுத்தில் மளிகைச் சிட்டை ஒன்று, இரண்டையும் ஒரே தகட்டில் வைத்து வாங்கினேன். "பேரு, பதவி எதுவும் வேணாமாக்கா? வெறும் கோலமா?" என்று கடைத் தம்பி இரண்டு தடவை கேட்டான். கோடு 1 பாயிண்ட்டுக்கு (சுமார் 0.35 மில்லிமீட்டர்) குறையாமல் வரைந்து கொடுங்கள், அதற்கும் மெல்லிசானால் கழுவும்போதே போய்விடலாம். பாதிப் பேர் கேட்டு வாங்குகிற மரக்கட்டைப் பிடியும் வேண்டாம், கிட்டில் பிளாக் ஒன்று இருக்கிறதே.

துணியில் அச்சடிக்கிற மர அச்சுக்கட்டை இதற்கு உதவுமா என்றும் கேட்கிறார்கள். குஜராத்தில் பேத்தாபூர் அதற்குப் பேர் போன ஊர், ஆந்திராவில் பெடனாவில் கலம்காரி அச்சு. தாராளமாக உதவும், ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கட்டை மெத்தை போட்ட மேஜைக்காகச் செய்தது. கெட்டியான மேஜையில் காகிதத்தை வைத்து அமுக்கினால் ஓரம் மட்டும் விழும், நடு வெள்ளையாக நிற்கும். நோட்டுப் பக்கத்துக்கு அடியில் துண்டை நாலாக மடித்து வையுங்கள், முழுசாக விழும்.

ஆறு பெயிண்ட்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு, வெள்ளை. இதில் நீலமும் சிவப்பும் மெல்லிசாக்கினால் ஒளி ஊடுருவுகிறது, அடியில் இருப்பது தெரிகிறது. மஞ்சளும் பச்சையும் சுண்ணாம்பு கலந்த மாதிரி மொத்தை, பூசினால் அடியில் இருப்பதை மூடிவிடும். ஆஃப்செட்டில் நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்து பச்சை ஆகிறது என்றால் அந்த மைகள் கண்ணாடி போல இருப்பதால்தான். அடுக்கு வேலைக்கு வேண்டியதும் அந்தக் குணம்தான். டியூபில் "டிரான்ஸ்பேரன்ட்", "ஓபேக்" என்று அச்சிட்டிருந்தால் நமக்கு வசதி, இதில் அதுவும் இல்லை. நாலு கறுப்புக் கோடு இழுத்து, மேலே ஒவ்வொரு நிறத்தையும் பூசிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். தீர்ந்துபோனால் இதே கம்பெனி டியூப் தேடி அலைய வேண்டாம், ஃபேன்ஸி ஸ்டோரில் ஃபெவிக்ரில் அக்ரிலிக் குப்பி கிடைக்கிறது, இந்த வேலைக்கு அது போதும். இன்னொன்று, சிவப்பு காய்வதற்கு முன் பச்சையை அதன் மேல் கொண்டுபோகாதீர்கள். சேறுதான் மிஞ்சும்.

ஜெஸ்ஸோ கொஞ்சம் தண்ணி. இரண்டு கை பூச வேண்டியிருக்கிறது. காய்ந்ததும் விரலுக்குச் சொரசொரப்பு தட்டுகிறது, பெயிண்ட் பிடிக்க அதுதான் தேவை. தீர்ந்ததும் நான் வெள்ளை அக்ரிலிக்கோடு கொஞ்சம் ஃபெவிக்காலும் சாக்பீஸ் மாவும் தண்ணீரும் குழைத்துச் செய்துகொண்டேன். நோட்டுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கான்வாஸுக்கு இப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன்.

நோட்டில் 200 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கிறது, கையில் பிடித்துப் பார்த்தால் பொய்யில்லை. தப்பு நார் வாட்டத்தில். காகிதம் ஈரம் குடித்தால் நாரின் நீளவாக்கில் அவ்வளவாக விரியாது, குறுக்கே விரியும். அதனால் புத்தகத்தில் நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும், பைண்டிங் செக்‌ஷனில் வேலை பழகவரும் பிள்ளைக்கு ஆரம்பத்திலேயே இதைச் சொல்லிவிடுவார்கள். இந்த நோட்டில் நார் முதுகுக்குக் குறுக்கே ஓடுகிறது. ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும், எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறதோ அதுதான் நார். பெரிய ஷீட்டில் வேஸ்ட் குறையட்டும் என்று திருப்பி வெட்டியிருப்பார்கள். விளைவு, ஜெஸ்ஸோ பூசியதும் ஸ்பைரல் ஓரத்தில் தாள் அலை அலையாக எழும்புகிறது. பக்கத்தின் இரண்டு புறமும் பூசி, காய்ந்ததும் கனமான புத்தகத்துக்கு அடியில் ராத்திரி வைத்தால் பெரும்பாலும் அடங்குகிறது. ஸ்பைரல் என்பதால் பக்கம் தடித்தாலும் நோட்டு மூடுகிறது, அது ஒரு நன்மை.

கிட்டில் ஒட்டுவதற்கென்று காகிதம் எதுவும் கிடையாது. வாஷி டேப் இரண்டு உருளை, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என் அதிர்ஷ்டம், பிரஸ்ஸில் மேக்ரெடி ஷீட்டுக்குப் பஞ்சமில்லை. மெஷினில் மையும் தண்ணீரும் சமநிலைக்கு வருகிறவரை ஓட்டுகிற ஷீட் அது. அதையே திருப்பித் திருப்பி அடுத்தடுத்த வேலைக்கும் ஓட்டுவார்கள். ஒரு ஷீட்டில் முருகன் முகம், அதன் மேல் ஊறுகாய் லேபிள், அதன் மேல் குறுக்கே மார்ச் மாதத் தேதிகள். மனுஷர் யாரும் உட்கார்ந்து இப்படி அடுக்க முடியாது. பைண்டிங் அண்ணாச்சி நான் பொறுக்குவதைப் பார்த்து, "என்னம்மா, அலமாரிக்கு விரிக்கவா? நல்ல ஷீட்டாத் தாரேன், இத விடு" என்றார். வேண்டாம் அண்ணாச்சி, இதுதான் வேணும் என்று சுருட்டிக்கொண்டு வந்தேன். ஆஃப்செட் மை எண்ணெய் மை, நன்றாகக் காய்ந்துவிட்டால் மேலே ஜெஸ்ஸோ பூசினாலும் கலையாது. வெளியூர்க்காரர்கள் பக்கத்து அச்சகத்தில் கேட்டுப் பாருங்கள், எடைக்குப் போடப்போகிற காகிதம்தானே.

பெட்டியோடு வருகிற கையேட்டில் சொல்லாத ஒன்று. அக்ரிலிக் சூட்டில் இளகுகிற பொருள். சித்திரை வெயிலில் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் ஒன்றின் தோல் இன்னொன்றோடு வந்துவிடும். பிரஸ்ஸில் ஒரு ஷீட் மை அடுத்த ஷீட்டின் முதுகில் ஒட்டாமல் இருக்க ஸ்ப்ரே பவுடர் தூவுவோம். அதை நினைத்து முகப்பவுடர் தட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை, ஆனால் கறுப்பு எல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. பட்டர் பேப்பர் சில சமயம் தானே ஒட்டிக்கொள்கிறது. சரியாக வேலை செய்தது ஸ்டிக்கர் ஷீட்டின் பின்னால் வருகிற வழுவழு காகிதம், ஸ்டிக்கரை உரித்ததும் குப்பையில் போடுகிறோமே அது. சிலிக்கான் பூசியது, எதிலும் ஒட்டாது. பக்கத்துக்கு ஒன்று இடையில் வைத்துவிட்டால் மே மாதத்தையும் தாண்டிவிடலாம்.

காசுக் கணக்கு பார்ப்பவர்கள் கிட் வாங்க வேண்டாம். நல்ல ஃபோட்டோபாலிமர் ஸ்டாம்ப் ஷீட் ஒன்று, கலையாத கறுப்பு மை ஒன்று, ஃபெவிக்ரில் நாலு குப்பி, நார் சரியாக ஓடுகிற நோட்டு, இவற்றைத் தனித்தனியாக வாங்கினால் செலவு கிட்டத்தட்ட இதே அளவுதான் ஆகும், மை இறக்குமதி என்பதால் கொஞ்சம் கூடலாம். ஆனால் எதுவும் வீணாகாது. பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள், எல்லாம் ஒரே பெட்டியில் அழகாக அடுக்கி வருவதால் வாங்கலாம். கொடுக்கும்போது அந்த மைப் பேடை எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஐந்துக்கு இரண்டரை. அந்த அரை, இலை ஸ்டாம்ப்புக்காக.